குழாயில் வந்த காய்ச்சல்!

லண்டனுக்குத் தெற்கே குராய்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. இப்போது அது லண்டன் மாநகரத்தின் ஒரு பகுதி. 1930-களில் தனி மாநகராட்சி. சுமார் 2 லட்சத்து 30 ஆயிரம் பேர் அங்கே வாழ்ந்தார்கள்.

அந்தக் காலத்தில் லண்டனுக்கு விமானத்தில் வருபவர்கள் இறங்கியது இந்த ஊரில்தான் தெரியுமா? 1930 மே மாதம், ஏமி ஜான்சன் என்ற 26 வயதுப் பெண் ஒரு குட்டி விமானத்தில் தன்னந்தனியாக ஆஸ்திரேலியாவுக்குப் பறந்தாரே, அவர் கிளம்பியதும் குராய்டனில் இருந்துதான்!

முதல் உலகப்போர் 1918-ல் முடிந்தது. அதன் பிறகு இங்கிலாந்தில் வீடு கட்டும் வேலை மும்முரமாக நடந்தது. லண்டனின் நெரிசலான சந்துகளில் பல குடும்பங்களுக்கு ஒரே குழாய், ஒரே கழிப்பறை. அதுவும் வாசலுக்கு வெளியே! குளிர்காலத்தில் நடுராத்திரி எழுந்து போவதை நினைத்துப் பாருங்கள். அந்த அவஸ்தை வேண்டாம் என்று முடிந்தவர்கள் எல்லாம் புறநகருக்குக் குடிபோனார்கள். அங்கே இரண்டு வீடுகளுக்கு நடுவில் ஒரு பொதுச்சுவர், முன்னால் சின்னத் தோட்டம், வீட்டுக்குள்ளேயே குளியலறை, குழாயைத் திருகினால் தண்ணீர்! ரயிலேறினால் கொஞ்ச நேரத்தில் லண்டனில் வேலைக்குப் போய்விடலாம். 'சுத்தமான காற்று, சுத்தமான தண்ணீர்' என்பதுதான் புறநகரின் பெருமை.

அப்படிப்பட்ட ஊரில்தான் 1937-ல் 43 பேர் குழாய்த் தண்ணீர் குடித்து இறந்துபோனார்கள்.

மர்மக் காய்ச்சல்

அக்டோபர் மாதம். குராய்டனின் தெற்குப் பகுதியில் சிலருக்குக் காய்ச்சல் வந்தது. ஒருநாள் இருநாள் காய்ச்சல் அல்ல. நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. தலைவலி, வயிற்றுவலி, எழுந்து உட்காரக்கூட முடியாத சோர்வு. ரத்தத்தைச் சோதித்தபோது தெரிந்தது, அது டைபாய்டு!

டைபாய்டை உண்டாக்குவது ஒரு பாக்டீரியா. நோயாளியின் மலத்தில் அது வெளியேறும். அதில் துளியூண்டு எப்படியோ உணவிலோ தண்ணீரிலோ கலந்துவிட்டால், அதைச் சாப்பிடுபவரின் குடலுக்குள் போய்ப் பெருகும். இன்று இதற்கு மாத்திரை, ஊசி எல்லாம் இருக்கிறது. 1937-ல் இல்லை. டைபாய்டைக் குணமாக்கிய முதல் ஆன்டிபயாடிக் மருந்து 1948-ல்தான் வந்தது. அதுவரை நோயாளியைப் படுக்க வைத்து, நல்லபடியாகப் பார்த்துக்கொண்டு, காத்திருக்க வேண்டியதுதான்.

நோய் எங்கிருந்து வந்தது? நகரச் சுகாதார அதிகாரிக்கு இதுதான் தலைவலி. டைபாய்டு என்றதும் அந்தக்கால டாக்டர்கள் முதலில் சந்தேகப்படுவது பாலை. அப்புறம் ஐஸ்கிரீம், கடல் சிப்பி, சமையல்காரர். 'எந்தக் கடையில் பால் வாங்குகிறீர்கள்? போன வாரம் என்ன சாப்பிட்டீர்கள்?' என்று வீடு வீடாகக் கேட்க வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கிருமி வயிற்றுக்குள் போன உடனே காய்ச்சல் வராது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை நீங்கள் எங்கே, என்ன குடித்தீர்கள் என்று சொல்ல முடியுமா? யோசித்துப் பாருங்கள்!

வரைபடம் பேசியது

துப்பறியும் கதையில் பூதக்கண்ணாடி மாதிரி, இந்தக் கதையில் துப்புக் கொடுத்தது ஊரின் வரைபடம். குராய்டனுக்கு ஒரே இடத்திலிருந்து தண்ணீர் வரவில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு நீர்நிலையத்திலிருந்து வந்தது. காய்ச்சல் வந்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்து, எந்த வீட்டுக்கு எங்கிருந்து தண்ணீர் என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நோயாளிகளின் வீடுகள் அடிங்டன் என்ற இடத்துக் கிணற்றின் தண்ணீர் போகும் பகுதியில் குவிந்து கிடந்தன! சுமார் 36,000 பேர் அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கிணறு என்றால் நம் வீட்டுக் கொல்லைக் கிணறு மாதிரி நினைத்துவிடாதீர்கள். வெள்ளை வெளேர் என்ற சீமைச் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து, ஆழத்தில் பக்கவாட்டில் சுரங்கங்களும் வெட்டிய ராட்சசக் கிணறு அது. மழைநீர் அந்தப் பாறை வழியே மெதுவாகக் கசிந்து, வடிகட்டப்பட்டு வரும். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். 'இதைவிடச் சுத்தமான தண்ணீர் உண்டா?' என்று ஊரார் மார்தட்டினால் தப்பு சொல்ல முடியாது.

அப்படியும் அங்கே தண்ணீரை வடிகட்டி, குளோரின் கலக்கும் கருவிகளை வைத்திருந்தார்கள். ஒரு பாதுகாப்புக்குத்தான்!

குளோரினைக் கொஞ்சம் கவனிப்போம். 1905-ல் லிங்கன் என்ற ஆங்கிலேய நகரத்தில் டைபாய்டு பரவியபோது, அலெக்சாண்டர் ஹூஸ்டன் என்ற விஞ்ஞானி குடிநீரில் தொடர்ந்து குளோரின் கலந்து நோய்ப் பரவலை அடக்கினார். 10 லட்சம் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு குளோரின்கூடத் தேவையில்லை, அதற்கும் குறைவே போதும். கிருமிகள் காலி! சில நாள் குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாசனை அடித்தால் மூக்கைப் பொத்திக்கொள்வீர்களே, அந்த வாசனைக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

ஒரே நேரத்தில் மூன்று

சரி, குளோரின் கருவி இருந்தும் எப்படிக் கிருமி வந்தது?

1937 செப்டம்பர் கடைசியில் அடிங்டன் கிணற்றுக்குள் ஆட்களை இறக்கிப் பழுதுபார்க்கும் வேலையை ஆரம்பித்தார்கள். வேலை அக்டோபர் கடைசி வரை நடந்தது. உள்ளே ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே, அதே கிணற்றுத் தண்ணீரை வீடுகளுக்கு அனுப்பினார்கள். இது முதல் தவறு. அந்த நாட்களில் வடிகட்டும் கருவியும் இயங்கவில்லை, குளோரினும் கலக்கவில்லை. இது இரண்டாவது, மிகப் பெரிய தவறு.

மூன்றாவது தவறு அல்ல, கெட்ட நேரம். கிணற்றுக்குள் புதிதாக வேலைக்கு வந்த ஒரு தொழிலாளியின் உடம்பில் டைபாய்டு கிருமி இருந்தது. ஆனால் அவருக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை. நன்றாக வேலை செய்தார். டைபாய்டு வந்து குணமானவர்களில் சிலருக்கு இப்படி ஆகும். கிருமி பித்தப்பையில் வருடக்கணக்கில் ஒளிந்திருந்து, அவ்வப்போது மலத்தோடு வெளியேறும். இவர்களை 'நோய் கடத்துபவர்' என்பார்கள். அமெரிக்காவில் மேரி மலோன் என்ற சமையல்காரப் பெண் இப்படித்தான் 1907-ல் கண்டுபிடிக்கப்பட்டு, வாழ்நாளில் மொத்தம் சுமார் 26 ஆண்டுகள் தனிமையில் அடைக்கப்பட்டார். பாவம்!

குராய்டன் தொழிலாளிக்கும் தன் உடம்புக்குள் கிருமி இருப்பது தெரியாது. அவரைக் குற்றம் சொல்வது நியாயமே இல்லை. வேலைக்கு எடுக்கும்போது யாரும் அவரைச் சோதிக்கவில்லை. குளோரின் கருவி மட்டும் ஓடிக்கொண்டிருந்திருந்தால், அவர் கிணற்றில் இறங்கியிருந்தாலும் ஊருக்கு ஆபத்து வந்திருக்காது.

இதைவிட வேதனையான விஷயம் ஒன்று உண்டு. கிணற்று வேலையைப் பார்த்துக்கொண்டது நகரப் பொறியாளர். நோயைத் தேடிக்கொண்டிருந்தது சுகாதார அதிகாரி. இருவரும் ஒரே மாநகராட்சிக்குத்தான் வேலை செய்தார்கள். ஆனால் கிணற்றில் ஆட்கள் இறங்கியிருப்பதும், குளோரின் நின்றுபோனதும் டாக்டருக்குச் சொல்லப்படவே இல்லை! 'இந்த மாதம் அந்தக் கிணற்றில் வேலை நடக்கிறது' என்று ஒரு போன் போட்டிருந்தால் அவர் முதலிலேயே அங்கே போயிருப்பார் அல்லவா?

நவம்பர் தொடக்கத்தில் கிணற்றை மூடினார்கள். உடனே காய்ச்சல் நின்றுவிட்டதா? இல்லை. மூடுவதற்கு முன்பே அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் அடுத்த சில வாரங்களில் படுக்கையில் விழுந்தார்கள். மொத்தம் 341 பேருக்கு டைபாய்டு. அவர்களில் 43 பேர் பிழைக்கவில்லை.

கேள்வி கேட்ட மக்கள்

ஊர் மக்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு குழு அமைத்து, 'ஏன் எங்களுக்கு முன்பே சொல்லவில்லை? தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்திருப்போமே!' என்று கேட்டார்கள். பத்திரிகைகளும் எழுதின. டிசம்பரில் மர்பி என்ற வழக்கறிஞர் தலைமையில் பொது விசாரணை நடந்தது. மேலே படித்த விஷயங்கள் எல்லாம் அந்த விசாரணையில் அலசப்பட்டன.

வழக்கும் போட்டார்கள். டைபாய்டு வந்த ஒரு சிறுமியும் அவளுடைய அப்பாவும் மாநகராட்சிமீது தொடுத்த வழக்கில் 1938-ல் தீர்ப்பு வந்தது. குடிநீர் தருபவர்கள் சுத்தமான தண்ணீரைத்தான் தர வேண்டும் என்று 1847-லேயே இங்கிலாந்தில் சட்டம் இருந்தது. தண்ணீர் வரி கட்டியவர் அப்பா. எனவே, 'சட்டப்படி அவருக்குத் தர வேண்டியதை மாநகராட்சி தரவில்லை' என்றார் நீதிபதி. வரியே கட்டாத சிறுமிக்கு? 'மாநகராட்சி கவனக்குறைவாக இருந்தது, அதற்கு அவளுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்' என்று தீர்ப்பானது. இருவருக்குமே வெற்றி!

அரசாங்கமும் விழித்துக்கொண்டது. 'எங்கள் தண்ணீர் ஆழத்திலிருந்து வருகிறது, குளோரின் எதற்கு?' என்று கேட்டவர்களின் குரல் அடங்கியது. குடிநீரில் குளோரின் கலப்பது நாடு முழுவதும் பரவியது. நீர்நிலையங்களில் வேலைக்கு வருபவர்களைச் சோதிக்கும் பழக்கமும் வந்தது.

இன்றும் பிரிட்டனில் குடிநீர்க் கிணற்றிலோ, குழாயிலோ, தொட்டியிலோ கைவைக்கும் வேலைக்கு வருபவர் நீலநிற அட்டை ஒன்றை வைத்திருக்க வேண்டும். அதை வாங்க ஒரு பயிற்சி உண்டு. உடல்நிலை பற்றிய கேள்விகளும் உண்டு. குழாய் பொருத்துபவரானாலும் சரி, பள்ளம் தோண்டுபவரானாலும் சரி, 'உங்களுக்கு எப்போதாவது டைபாய்டு வந்திருக்கிறதா?' என்ற கேள்விக்குப் பதில் சொன்ன பிறகுதான் உள்ளே போக முடியும்.