வால்டன் குளத்து ஐஸ் சென்னைக்கு வந்ததா? ஒரு திருத்தமும் சில குறிப்புகளும்

பாஸ்டன் பக்கம் வேலைக்கு வந்த முதல் வருஷம், ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவை கான்கார்டில் இருக்கும் வால்டன் குளத்துக்குக் கூட்டிப்போனேன். கரையில் நின்றுகொண்டு, "அப்பா, இந்தக் குளத்து ஐஸ்தான் நம்ம திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸுக்கு வந்தது" என்று சொன்னேன். அப்பாவுக்கு அப்படியொரு சந்தோஷம். சென்னை திரும்பியதும் நடைப்பயிற்சி நண்பர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார்.

நான் சொன்னதில் பாதி உண்மை, மீதி என் ஆசை. அது எனக்குப் புரிய இரண்டு வருஷமும், சில சொற்பொழிவுகளும், நிறைய நடையும் தேவைப்பட்டன. அந்தக் கதைதான் இது.

முதலில் உண்மையான பாதி. ஃப்ரெடெரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி 1806-ல் மார்டினிக் தீவுக்குக் கப்பலில் ஐஸ் அனுப்பினார். ஊரே சிரித்தது. ஆனால் ஆள் விடவில்லை. 1833-ல் அவருடைய ஐஸ் கல்கத்தா வந்து சேர்ந்தது. சுமார் 180 டன் ஏற்றியதில் 100 டன் உருகாமல் வந்ததாகக் கணக்கு. நாலு மாதக் கடல் பயணம், இரண்டு முறை பூமத்திய ரேகையைத் தாண்ட வேண்டும். காப்பாற்றியது மரத்தூள்! 1842-ல் சென்னைக் கடற்கரையில் டியூடர் கட்டிய ஐஸ் கிடங்குதான் இன்றைய விவேகானந்தர் இல்லம். சுவாமி 1897-ல் அங்கே தங்கினார். ஆக, மாசசூசெட்ஸ் குளத்து ஐஸ் மெட்ராஸுக்கு வந்தது சந்தேகமில்லாத வரலாறு.

இனி என் ஆசை. அதற்கு முன் இந்த ஊரின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

மாசசூசெட்ஸில் எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் நூலகத்திலோ சர்ச் ஹாலிலோ ஒரு பொதுச் சொற்பொழிவு நடந்துகொண்டிருக்கும். பெரும்பாலும் இலவசம். இது நேற்று வந்த பழக்கம் இல்லை. 1826-ல் ஜோசியா ஹோல்புரூக் என்பவர் மில்பரி என்ற ஊரில் 'லைசியம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். ஊர்க்காரர்கள் ஒன்றுகூடி, தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பது, விவாதம் நடத்துவது, வெளியூர்ப் பேச்சாளரை அழைத்துக் கேட்பது. குளிர்காலத்தில் வயல் வேலை குறைவு, இரவு நீளம். நம்மூரில் அறுவடை முடிந்து கூத்து நடக்கிற மாதிரி இவர்களுக்குச் சொற்பொழிவு. சில வருஷங்களிலேயே வட மாநிலங்கள் முழுக்கப் பரவிவிட்டது. கான்கார்டில் 1829-லேயே ஆரம்பித்துவிட்டார்கள்.

ஹென்றி டேவிட் தோரோவின் இரண்டு முக்கியமான படைப்புகளும் இந்த மேடையில் பேச்சாகப் பிறந்தவைதான். 1845 ஜூலை 4 முதல் 1847 செப்டம்பர் 6 வரை அவர் குளக்கரைக் குடிசையில் இருந்தார். "அங்கே தனியா என்னப்பா பண்றே, என்ன சாப்பிடறே" என்று ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதற்குப் பதிலாக 1847 தொடக்கத்தில் லைசியத்தில் பேசினார். அந்தப் பேச்சு வளர்ந்து 1854-ல் 'வால்டன்' ஆனது. வரி கட்ட மறுத்து ஓர் இரவு ஜெயிலில் இருந்ததைப் பற்றி 1848-ல் அதே லைசியத்தில் பேசினார். அது 1849-ல் கட்டுரையாக வந்தது. பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் காந்தி படித்து, 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் வெளியிட்டது இதைத்தான். (சத்தியாக்கிரக எண்ணமே தோரோவிடமிருந்து வந்தது என்பார்கள். காந்தியே அதை மறுத்திருக்கிறார்.)

ஆனால் இந்த மேடை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. 1845-ல் நியூ பெட்ஃபோர்டு ஊர் லைசியம் கறுப்பின மக்களை உறுப்பினர்களாகச் சேர்க்க மறுத்தது. அதனால் எமர்சனும் சார்ல்ஸ் சம்னரும் அங்கே பேச வர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மேடைக்குப் போவதும் போகாமல் இருப்பதும் அன்றைக்கு அரசியல்.

குளக்கரையில் வழிகாட்டியோடு நடக்கும் நடைகளில் நான் கற்றது வேறு மாதிரி. வால்டன் என்றால் அடர்ந்த காடு, தனிமைத் தவம் என்றுதான் என் மனதில் ஒரு படம் இருந்தது. நடந்து பார்த்தால் ஊர் மையத்திலிருந்து குடிசை இருந்த இடம் ஒன்றரை மைல்தான். 1844-லேயே குளத்தை ஒட்டி ரயில் பாதை வந்துவிட்டது, இன்றும் அதில் ரயில் ஓடுகிறது. குடிசைக்கான பலகைகளை, ரயில் வேலைக்கு வந்த ஓர் அயர்லாந்துக் குடும்பத்தின் குடிலை விலைக்கு வாங்கிப் பிரித்துத்தான் எடுத்தார் தோரோ. மொத்தச் செலவு 28 டாலர் சொச்சம்.

தோரோவுக்கு முன்பே இந்தக் காட்டில் ஆட்கள் வாழ்ந்திருக்கிறார்கள். கேட்டோ இங்ரகாம், ஜில்ஃபா வைட், பிரிஸ்டர் ஃப்ரீமன். எல்லோரும் அடிமைகளாக இருந்து விடுபட்டவர்கள். நல்ல நிலம் ஊருக்குள் இருந்தவர்களிடம், விளையாத மணல் மேடு இவர்களுக்கு. ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட நிலம் என்றால் என்ன என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஜில்ஃபா ராட்டையில் நூல் நூற்றுப் பிழைத்த பெண். தோரோ இவர்களைப் பற்றித் தன் புத்தகத்தில் ஓர் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறார். காலேஜ் நாளில் படித்தபோது அந்தப் பக்கங்களை நான் வேகமாகப் புரட்டிவிட்டேன். அந்த மேட்டில் நின்று பெயர்களைக் கேட்டபிறகுதான் திரும்பப் போய்ப் படித்தேன்.

அப்படித் திரும்பப் படித்தபோதுதான் என் ஐஸ் கதை உடைந்தது.

1846-47 குளிர்காலத்தில் வால்டன் குளத்தில் ஐஸ் வெட்டியது உண்மை. தோரோ அதைக் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார். மெட்ராஸ்காரர்களும் பம்பாய், கல்கத்தாக்காரர்களும் தன் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கப் போவதாகக் கற்பனை செய்கிறார். நான் இணையத்தில் படித்தது இந்த ஒரு பகுதியை மட்டும்தான். அதே அத்தியாயத்தில் கொஞ்சம் முன்னாலேயே இன்னொன்றும் இருக்கிறது. கரையில் அடுக்கிய ஐஸ் மலை சுமார் 10,000 டன். வைக்கோலும் பலகையும் போட்டு மூடினார்கள். அடுத்த ஜூலையில் கூரையைப் பிரித்து ஒரு பங்கை எடுத்துப் போனார்கள். மீதி அங்கேயே கிடந்து, 1848 செப்டம்பரில்தான் முழுதாக உருகி முடிந்தது. பெரும்பங்கு குளத்துக்கே திரும்பிவிட்டது என்று தோரோவே கணக்கை முடிக்கிறார். ஆக, 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸை இந்தக் குளம்தான் நிரப்பியது என்று சொல்ல ஆதாரமே இல்லை. இருப்பது ஓர் எழுத்தாளரின் அழகான கற்பனை. நான் அதைப் பில் ஆஃப் லேடிங் மாதிரி எடுத்துக்கொண்டுவிட்டேன்.

என்னைப்போல் பட்டம் இல்லாமல் ஆராய்கிறவர்களுக்கு ஆறுதலாக ஒருவர் உண்டு. ரோலண்ட் ராபின்ஸ். ஜன்னல் துடைப்பதும் வீட்டுக்கு வண்ணம் அடிப்பதும் அவர் தொழில். 1945-ல், தோரோ குடியேறிய நூற்றாண்டின்போது, குடிசை சரியாக எங்கே இருந்தது என்று விவாதம் கிளம்பியது. ராபின்ஸ் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார், அளந்தார், தோண்டினார். அந்த வருஷமே புகைபோக்கியின் அஸ்திவாரக் கற்களைக் கண்டுபிடித்தார். இன்று அங்கே நிற்கும் கருங்கல் தூண்கள் அந்த இடத்தைத்தான் காட்டுகின்றன. மூல நூலைப் படித்துவிட்டு இடத்துக்குப் போ, இடத்தைப் பார்த்துவிட்டு மூல நூலுக்குத் திரும்பு. ராபின்ஸிடம் நான் எடுத்துக்கொண்டது இதுதான்.

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நயாகராவும் நியூயார்க்கும் பார்த்தாயிற்று என்றால், அடுத்து உங்கள் ஊர் நூலகத்தின் நிகழ்ச்சிப் பட்டியலைப் பாருங்கள். தேசியப் பூங்காக்களில் ரேஞ்சர் பேச்சுகளும் நடைகளும் உண்டு. கூச்சப்படாமல் கேள்வி கேளுங்கள், "இது எதில் இருக்கிறது?" என்பதையும் சேர்த்து. கேட்டால் கோபித்துக்கொண்டவர் ஒருவரையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

போன வாரம் அப்பாவுக்குப் போன் செய்து ஒப்புக்கொண்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நான் பத்துப் பேர்கிட்ட சொல்லிட்டேனேடா" என்றார். பிறகு, "சரி, அப்போ நம்மூருக்கு வந்தது எந்தக் குளத்து ஐஸ்?" என்று கேட்டார்.

டியூடரின் முக்கியமான ஐஸ் குளம் கேம்பிரிட்ஜில் இருக்கும் ஃப்ரெஷ் பாண்ட். இன்று அது அந்த ஊரின் குடிநீர் ஏரி, சுற்றி நடைபாதை உண்டு. அடுத்த முறை அப்பா வரும்போது அங்கே கூட்டிப்போகப் போகிறேன். இந்தத் தடவை முதலில் படித்துவிட்டுத்தான் பேசுவேன்.