வராளி பாடின மாமியார்

திருவையாற்றுக்குப் போக வேண்டும் என்று என் மாமியார் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. ஆனால் வருஷா வருஷம் புஷ்ய பகுள பஞ்சமியன்று காலையில் டி.வி.யைப் போட்டுக்கொண்டு, மடியில் அவரைக்காயும் முறமுமாக உட்கார்ந்துவிடுவார். நாட்டை ஆரம்பித்ததும் காய் நறுக்குவது நின்றுவிடும். ஸ்ரீராகம் முடிகிற வரைக்கும் வீட்டில் யாருக்கும் காப்பி கிடைக்காது!

அவர் அப்பா பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர். திண்ணையில் பையன்களுக்குப் பாடம் நடக்கும். பெண் ரேழிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொள்வாள். ஐந்து பஞ்சரத்னமும் அப்படி வந்ததுதான். கல்யாணத்துக்குப் பிறகு அடுப்பங்கரையோடு சரி. எழுபத்தைந்து வயதில், மூட்டு வலியோடு, "ஒரு தடவை நேரே போய்ப் பார்த்துட்டு வரலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நானாக அல்லவா கேட்டிருக்க வேண்டும்?

தஞ்சாவூரில் தங்கினோம். அங்கிருந்து திருவையாறு பதின்மூன்று கிலோமீட்டர்தான். (போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தை மாதப் பனியும் காவேரிக் காற்றும் சேர்ந்து தொண்டையைப் பிடித்துக்கொள்ளும். சால்வையும் ஃபிளாஸ்க்கில் வெந்நீரும் இல்லாமல் கிளம்பாதீர்கள். மணிக்கணக்காகச் சம்மணம் போட முடியாதவர்கள் சின்ன மணையோ கனத்த ஜமக்காளமோ எடுத்துப் போவது நல்லது.)

காரில் போகும்போது மாமியார் தன் அப்பா சொன்ன கதையை எடுத்தார். "எங்கப்பா பையனா இருந்தப்போ இங்கே ஒரு உத்ஸவம் இல்லைம்மா, மூணு உத்ஸவம்! ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்க மாட்டா" என்றார். வேடிக்கையாக இருந்தது. ஊர் திரும்பிய பிறகு புத்தகங்களைத் தேடிப் படித்தேன். வேடிக்கை இல்லை, பெரிய சண்டைதான்.

1847 ஜனவரி 6-ஆம் தேதி தியாகராஜ ஸ்வாமிகள் சித்தியடைந்தார். கடைசியில் சந்நியாசம் வாங்கிக்கொண்டதால் காவேரிக் கரையில் சமாதி வைத்தார்கள். அதன் பிறகு ஐம்பது வருஷத்துக்கு மேல் அதைக் கவனிப்பார் அதிகம் இல்லை. சிஷ்யர்கள் ஆளுக்கொரு ஊரில். அவரவர் வீட்டில் திதி கொடுத்ததோடு சரி. 1903 வாக்கில் அவருடைய சிஷ்யர்களான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் தள்ளாத வயதில் வந்து பார்த்து, சமாதியைச் செப்பனிட்டு ஒரு கல்வெட்டும் வைத்தார்கள். அவர்கள் மட்டும் வராமல் இருந்திருந்தால் இடமே தெரியாமல் போயிருக்கும்.

அப்புறம் தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதர், பஞ்சு பாகவதர் என்ற அண்ணன் தம்பி இருவரும் ஆராதனையைப் பெரிதாக நடத்தக் கிளம்பினார்கள். ஓரிரண்டு வருஷம்தான் ஒற்றுமை. பிறகு அண்ணன் பக்கம் 'பெரிய கட்சி', தம்பி பக்கம் 'சின்ன கட்சி' என்று பிரிந்துவிட்டது. வித்வான்களும் இரண்டாகப் பிரிந்தார்கள். பஞ்சமி வரைக்கும் ஐந்து நாள் ஒரு கட்சி, பஞ்சமிக்குப் பின் ஐந்து நாள் இன்னொரு கட்சி என்று ஏற்பாடு! நம் வீடுகளில் அண்ணன் தம்பி தனித்தனியாகத் திவசம் செய்கிற கதைதான். பாட்டில் அத்தனை பெரிய மனிதர்கள், இதில் மட்டும் நம்மைப் போலத்தான்.

இத்தனை சண்டையிலும் இரண்டு கட்சிக்கும் ஒரு விஷயத்தில் பரிபூரண ஒற்றுமை. பெண்கள் பாடக் கூடாது! அந்த நாளில் மேடையேறிப் பாடின பெண்கள் பெரும்பாலும் தேவதாசிக் குலத்தவர்கள். மற்ற வீட்டுப் பெண்கள் என் மாமியாரைப் போல ரேழிக் கதவுக்குப் பின்னால்.

அங்கேதான் பெங்களூர் நாகரத்தினம்மாள் வருகிறார். 1878-ல் மைசூர்ச் சீமையில் நஞ்சன்கூட்டில் பிறந்தவர், தேவதாசிக் குலம். சம்ஸ்கிருதம், தெலுங்கு, சங்கீதம் எல்லாம் முறையாகக் கற்றவர். சென்னையில் கச்சேரி செய்து நிறையச் சம்பாதித்தார். துணிச்சலுக்கு ஒன்று சொல்கிறேன். தஞ்சாவூர் அரசவையில் இருந்த முத்துப்பழனி என்ற பெண் எழுதிய 'ராதிகா ஸாந்த்வனமு' என்ற தெலுங்குக் காவியத்தை 1910-ல் முழுசாகப் பதிப்பித்தார். ஆபாசம் என்று வெள்ளைக்கார சர்க்கார் தடை போட்டது. 1947-ல்தான் தடை நீங்கியது. பெண் எழுதினதாயிற்றே, ஆண் எழுதியிருந்தால் சிருங்கார ரஸம் என்றிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்வாமிகளின் சமாதி பாழடைந்து கிடக்கிறது என்று அவருடைய குரு பிடாரம் கிருஷ்ணப்பா எழுதிய கடிதம்தான் அவரைத் திருவையாற்றுக்கு இழுத்தது. வந்து பார்த்தார். முள்ளும் புதருமாகக் கிடந்தது. இடத்தை வாங்கி, 1921-ல் அடிக்கல் நாட்டி, சேர்த்து வைத்த பணத்தையும் நகைகளையும் போட்டுக் கோயில் எழுப்பினார். நாலைந்து வருஷத்தில் கும்பாபிஷேகமும் ஆயிற்று. ஸ்வாமிகளுக்கு விக்கிரகம் செய்வித்து, தினசரி பூஜைக்கும் வழி பண்ணினார். பூஜைக்கு நூற்றெட்டு நாமாவளி எழுதினதும் அவரே.

இத்தனையும் செய்தவரை என்ன சொன்னார்கள் தெரியுமா? கோயில் கட்டினது சரி, பாடக் கூடாது, கதையும் பண்ணக் கூடாது!

அழுதுகொண்டு ஊருக்குத் திரும்பவில்லை அந்த அம்மாள். அதே கோயிலின் பின்பக்கத்தில் தானே ஓர் உத்ஸவம் ஆரம்பித்தார். தேவதாசிப் பெண்களைத் திரட்டினார், ஹரிகதை பண்ணினார், அதிகாரிகளுக்கு மனு மேல் மனு எழுதினார். ஊரார் அதற்கு வைத்த பெயர் 'பெண்கள் கட்சி'. முன்னால் இரண்டு கட்சி, பின்னால் ஒரு கட்சி. மாமியார் சொன்ன மூன்று உத்ஸவம் இதுதான்.

கடைசியில் 1940-41-ல் எஸ்.ஒய். கிருஷ்ணஸ்வாமி என்ற ஐ.சி.எஸ். அதிகாரி உட்கார்த்தி வைத்துப் பேசினார். முசிரி சுப்பிரமணிய ஐயர் போன்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று கட்சியும் ஒன்றாகி 'ஸ்ரீ தியாகப்பிரம்ம மஹோத்ஸவ சபை' உண்டாயிற்று. எல்லோரும் கூடி ஐந்து பஞ்சரத்னங்களைப் பாடும் வழக்கமும் அதையொட்டி வந்ததுதான். ஆதிகாலத்திலிருந்தே அப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்! ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பாடாந்தரம். எல்லோரும் சேர்ந்து பாட வேண்டுமானால் ஒரு பாடத்துக்கு வந்தாக வேண்டும் அல்லவா? சண்டைக்காரர்களைச் சேர்த்து வைக்க இதைவிட நல்ல உபாயம் கிடையாது.

நாங்கள் போன அன்று காலையில் திருமஞ்சன வீதியில் ஸ்வாமிகள் வாழ்ந்த வீட்டிலிருந்து உஞ்சவிருத்தி ஊர்வலம் வந்தது. பிறகு நாகஸ்வரம். பந்தலில் ஒரு பக்கம் ஆண்கள், எதிர்ப்பக்கம் பெண்கள். முன் வரிசைகளில் பெரிய வித்வான்கள். நாங்கள் வெகு பின்னால் ஒரு தூண் ஓரம் இடம் பிடித்தோம். புல்லாங்குழலில் பைரவி 'சேதுலாரா' முடிந்து, 'ஜகதாநந்தகாரகா' எழும்பியது பாருங்கள், எனக்கு உடம்பு சிலிர்த்தது. உள்ளே விக்கிரகத்துக்கு அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது.

மாமியார் முதலில் தாளம் மட்டும் போட்டார். கௌளையில் உதடு அசைந்தது. ஆரபியில் குரல் வந்துவிட்டது. பக்கத்திலிருந்த இளம்பெண் ஒருத்தி தன் புத்தகத்தை நீட்டி, "பாட்டி, பார்த்துப் பாடுங்கோ" என்றாள். மாமியார் வேண்டாம் என்று தலையசைத்தார்.

அடுத்தது வராளி. வராளியைக் குரு சிஷ்யனுக்கு நேரே சொல்லிக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் இருவருக்கும் ஆகாது என்று பழைய நம்பிக்கை. நான் சும்மா இராமல், "அம்மா, உங்களுக்கு வராளி யார் சொல்லிக் கொடுத்தா?" என்று காதில் கேட்டேன்.

"யாரும் சொல்லிக் கொடுக்கலையே! கதவுக்குப் பின்னாலேன்னா கேட்டேன். எனக்குத் தோஷமே கிடையாது" என்று சொல்லிவிட்டு, ஒரு சங்கதி விடாமல் கணீரென்று பாடினார். முப்பது வருஷம் கூடக் குடித்தனம் செய்திருக்கிறேன். அந்தக் குரலை அன்றுதான் முழுசாகக் கேட்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு, எதிரே இருக்கும் நாகரத்தினம்மாள் சமாதிக்குப் போனோம். 1952 மே 19-ல் காலமான அவர் தியாகராஜர் சன்னிதியைப் பார்த்தபடி இருக்கிறார். தன் சொத்தைக் கோயிலுக்கே எழுதி வைத்தபோதும், பெண்கள் இங்கே வந்து வழிபடவும் பாடவும் தடை இருக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டவர் அவர்.

மாமியார் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தில் பாதியைக் கிள்ளி அங்கே வைத்தார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "கால் கடுக்கறது. அசோகா அல்வா வாங்கிண்டு கிளம்பலாமா?" என்றார்.