சொல்லத் தெரியாத வலி

மாணவி, மூன்றாம் ஆண்டு, விலங்கியல்

“எங்கே வலிக்கிறது?” என்பதே மருத்துவர் கேட்கும் முதற் கேள்வி. விடை சொல்ல இயலாதவர் நோயாளியாக வந்தால், மருத்துவம் எங்கிருந்து தொடங்கும்? அறிவுசார் குறைபாடுடைய பெண்களுக்கு வரும் சிறுநீர்ப் பாதைத் தொற்று இக்கேள்வியை நம் முன் வைக்கிறது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் இக்குறைபாடு உடையோர் சுமார் 15 இலட்சம் பேர். நம்மில் பலர் ஊரிலும் அப்படி ஒரு பெண் இருப்பாள்.

நோய் வரும் வழி

சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாய் ஆண்களுக்குச் சுமார் 20 செ.மீ. நீளம், பெண்களுக்கோ சுமார் 4 செ.மீ. மட்டுமே. குடலில் இயல்பாக வாழும் ஈ. கோலை என்னும் பாக்டீரியா இக்குறுகிய வழியில் எளிதாக ஏறிவிடுகிறது. இது எல்லாப் பெண்களுக்கும் பொது. அறிவுசார் குறைபாடுடையோர்க்கு வேறு காரணங்களும் சேர்கின்றன. தாகம் எடுத்தாலும் சிலருக்குக் கேட்கத் தெரியாது. துணியை நனைத்துவிடுவாள் என்று அஞ்சி வீட்டாரே தண்ணீரைக் குறைப்பதும் உண்டு. நாட்பட்ட மலச்சிக்கல் இருந்தால், இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்தி, அது முழுவதும் காலியாகாமல் தடுக்கிறது. தேங்கிய நீரில் கிருமி பெருகுகிறது.

நடத்தையே மொழி

எரிச்சலைச் சொல்ல முடியாதவள் அதை நடத்தையில் காட்டுகிறாள். கழிப்பறைப் பழக்கம் நன்கு இருந்தவள் திடீரென உடையை நனைப்பாள், உண்ண மறுப்பாள், கழிப்பறைக்குப் போக அஞ்சி அழுவாள், தன்னையே அடித்துக்கொள்வாள்.

என் பெரியப்பா மகள் ஒருத்திக்கு நாலைந்து சொற்களுக்கு மேல் பேச வராது. அவள் இவ்வாறு இரவெல்லாம் அலறியபோது, பக்கத்து ஊர் மருத்துவமனை ஒன்றில் “இவர்களுக்கு இது இயல்புதான்” என்று தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நான்காம் நாள் குளிர்க் காய்ச்சல் கண்டது. தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. வேறொரு மருத்துவமனையில் சிறுநீரைச் சோதித்து மருந்து கொடுத்த பின்னரே அலறல் நின்றது.

நோயின் அறிகுறியைக் குறைபாட்டின் கணக்கிலேயே எழுதிவிடும் இப்போக்கை, ஸ்டீவன் ரெய்ஸ் முதலிய அமெரிக்க உளவியலாளர்கள் 1982-இல் பெயரிட்டுச் சுட்டினர். குறைபாட்டின் நிழலில் மனநோய் மறைவதைப் பற்றி அவர்கள் எழுதினார்கள். இன்று உடல்நோய்க்கும் அக்கருத்து பொருத்தப்படுகிறது.

சோதனையும் மருத்துவமும்

முதலில் சிறிது சிறுநீரைக் கழியவிட்டு, நடுப்பகுதியைச் சுத்தமான குப்பியில் பிடிக்க வேண்டும். சொன்னது புரியாதவளிடம் இது எளிதன்று. செய்யப்போவதைப் படம் காட்டியோ, செய்து காட்டியோ விளக்கலாம். தாயோ, அவளுக்குப் பழகிய வேறொரு பெண்ணோ உடனிருக்க, அவசரமின்றி முயலலாம். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதைக் கல்ச்சர் சோதனை ஓரிரு நாளில் காட்டும். சோதனையில் கிருமி தென்பட்டாலே ஆன்டிபயாடிக் தேவை என்பதில்லை. தொல்லையோ மாற்றமோ எதுவும் இல்லாதவர்களுக்கு, கர்ப்ப காலம் போன்ற சில நிலைகள் நீங்கலாக, அம்மருந்து தருவதில்லை. அதே வேளையில், நடத்தை மாறியவளைச் சோதிக்காமல் அனுப்புவதும் கூடாது.

வீட்டில் செய்யத்தக்கவை சில: போதிய தண்ணீர், இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுதல், முன்னிருந்து பின்னாகத் துடைக்கப் பழக்குதல், மலச்சிக்கலைக் கவனித்தல், மாதவிடாய் நாட்களில் துணியை உரிய நேரத்தில் மாற்றுதல்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 25-ஆம் பிரிவு, மருத்துவமனையில் இவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது. இவ்வுரிமை பல தாய்மார்களுக்குத் தெரியாது. நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களுக்குச் செல்லும் நண்பர்கள் இதை அவர்களிடம் எடுத்துச் சொல்லலாம். வரிசையில் காத்து நிற்கும் தாய்க்குத் துணையாக நின்று, “சிறுநீரையும் சோதியுங்கள் ஐயா” என்று அவளுக்காகக் கேட்கலாம்.