குறிமுறையற்ற டி.என்.ஏ-விலிருந்து மரபணு தோன்றுதல்

குறிமுறையற்ற டி.என்.ஏ-விலிருந்து மரபணு தோன்றுதல் என்பது, எந்தப் புரதத்திற்கும் குறிமுறை கொண்டிராத ஒரு டி.என்.ஏ பகுதி, பரிணாமத்தின் (படிவளர்ச்சியின்) போக்கில் ஏற்படும் பிறழ்வுகளால் செயற்படும் மரபணுவாக மாறுவதைக் குறிக்கும். பழைய மரபணு ஒன்று இரட்டித்து, அதன் ஒரு படி மாற்றமடைந்து புதிய பணியை ஏற்பதே புதிய மரபணுக்கள் உருவாகும் பரவலான வழியாகும். இங்கோ, மூதாதை மரபணு எதுவும் இல்லை.

வரலாறு

சுசுமு ஓனோ 1970 இல் வெளியிட்ட நூல் மரபணு இரட்டிப்பை முதன்மை வழியாக முன்வைத்தது. அமினோ அமிலங்கள் தற்செயலாக இணைந்து செயற்படும் புரதம் ஒன்று உருவாகும் வாய்ப்பு நடைமுறையில் சுழியமே எனப் பிரான்சுவா ஜாக்கோப் 1977 இல் எழுதினார். 2006 இல் பழ ஈக்களிலும், 2008 இல் ரொட்டி ஈஸ்ட்டிலும் இத்தகைய மரபணுக்கள் அறியப்பட்ட பின் இக்கருத்து மாறியது. ஈஸ்ட்டில் அறியப்பட்ட பிஎஸ்சி4 என்னும் மரபணு 132 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்திற்குரியது.

தோன்றும் முறை

இதற்கு இரண்டு நிகழ்வுகள் தேவை. ஒன்று, அப்பகுதி ஆர்.என்.ஏ-வாகப் படியெடுக்கப்படுதல். மற்றொன்று, தொடக்கக் குறிக்கும் நிறுத்தக் குறிக்கும் இடையே தடையின்றி வாசிக்கத்தக்க தொடர் (திறந்த வாசிப்புச் சட்டகம்) அமைதல். இவற்றுள் எதுவும் முதலில் நிகழலாம். மொத்தம் உள்ள 64 மூன்றெழுத்துக் குறிகளில் 3 நிறுத்தக் குறிகள். எனவே தற்செயலான தொடரில் சராசரியாக 21 குறிகளுக்கு ஒருமுறை நிறுத்தம் வந்துவிடும். இளம் மரபணுக்கள் பெரும்பாலும் குறுகியவையாக இருப்பதற்கு இது ஒரு காரணமாகும். இவ்வாறு தோன்றுபவற்றில் பல மீண்டும் அழிந்துவிடுகின்றன. உயிரினத்திற்குப் பயன் தருபவற்றை இயற்கைத் தேர்வு நிலைநிறுத்துகிறது.

எடுத்துக்காட்டு: காட் மீன்

கடல்நீர் ஏறத்தாழ −1.9 °செ-இல் உறைகிறது. பெரும்பாலான கடல் மீன்களின் குருதியோ அதற்கு முன்பே உறைந்துவிடும். வடதுருவக் கடல்களில் வாழும் சில காட் மீன்களின் குருதியிலுள்ள உறைதடுப்புப் புரதம், பனிப்படிகங்களுடன் ஒட்டி அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கிறது. திரியோனின்–அலனின்–அலனின் என்னும் மூன்று அமினோ அமிலங்களே இதில் பெரும்பாலும் மீண்டும் மீண்டும் வருகின்றன.

இம்மரபணு குறிமுறையற்ற பகுதியிலிருந்து தோன்றியது என்பதை 2019 இல் வெளியான ஆய்வு படிப்படியாக விளக்கியது. குறுந்தொடர் ஒன்று பலமுறை பெருகியது. படியெடுப்பைத் தொடக்கும் பகுதி அதனுடன் சேர்ந்தது. ஒரேயொரு நியூக்ளியோட்டைடு அளவிலான பிறழ்வு, புரதத்தை உயிரணுவுக்கு வெளியே செலுத்தும் குறிப்புப் பகுதியை அதே வாசிப்புச் சட்டகத்தில் இணைத்தது.

தென்துருவத்து நோட்டோதெனிய மீன்களிலும் ஏறக்குறைய இதே புரதம் உண்டு. ஆனால் அது செரிமான நொதி ஒன்றின் முன்வடிவமான திரிப்சினோசனின் மரபணுவிலிருந்து உருவானது என 1997 இல் காட்டப்பட்டது. ஒரே தேவைக்கு இரு வேறு தோற்றுவாய்களிலிருந்து ஒத்த விடை கிடைத்துள்ளது.

உறுதிப்படுத்துதல்

பிற இனங்களில் ஒத்த மரபணு காணப்படவில்லை என்பது மட்டும் போதிய சான்றாகாது. விரைவாக மாறும் பழைய மரபணுவும் உறவு தெரியாதவாறு வேறுபட்டுவிடலாம். எனவே அக்கம்பக்க மரபணுக்களைக் கொண்டு, நெருங்கிய இனங்களில் அதே இடத்திலுள்ள டி.என்.ஏ தொடர் கண்டறியப்படுகிறது. வெவ்வேறு கிளைகளைச் சேர்ந்த பல இனங்களில் அத்தொடர் குறிமுறையற்றதாக இருந்தால், மூதாதையிலும் அவ்வாறே இருந்தது என முடிவு செய்யலாம். ஓர் இனத்தில் மட்டும் அவ்வாறிருந்தால், அவ்வினம் தன் மரபணுவை இழந்திருக்கவும் கூடும்.

இவற்றையும் பார்க்க

மரபணு இரட்டிப்பு
இயற்கைத் தேர்வு
குவிப் பரிணாமம்