கியர் விழ மறுக்கும் பழைய பிக்கப்

1990-களின் ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப்பில் கியர் விழ மறுத்தால், கியர்பெட்டியைக் கழற்றும் பிரயாசையில் இறங்குமுன், எஞ்சினை அணைத்துவிட்டு ஒருமுறை மாற்றிப் பார்ப்பதே உத்தமம். அப்போது இலகுவாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடிக்குமாயின், கிளட்ச் முழுமையாக விலகாமையே பெரும்பாலும் காரணமாகும்.

இவ்வண்டியில் கிளட்சை விலக்குவது திரவ அழுத்தமே ஆதலால், கிளட்ச் திரவக் குப்பியைத் திறந்தால், மட்டம் தாழ்ந்தோ நிறம் கறுத்தோ இருப்பின் அது பிரத்தியட்சமாகத் தெரியும். திரவக் குழாயில் காற்று புகுந்திருந்தாலோ, மிதிக்கும் விசை அதை அமுக்குவதிலேயே விரயமாகி, பெடல் தொளதொளவென்று இறங்கும். கசிவை நீக்கி, புதிய பிரேக் ஆயில் ஊற்றி, குமிழிகள் நிற்கும்வரை காற்றை வெளியேற்றுவதே பிரதம பரிகாரம். அத்திரவ அழுத்தத்தால் கிளட்சைத் தள்ளி விலக்கும் ஸ்லேவ் சிலிண்டர் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் இடையே உள்ளடங்கியிருப்பதால், அது கசிந்தால் கியர்பெட்டியை இறக்கியே தீரவேண்டும். ஆகவே, செலவு மிகுந்த அக்காரியத்துக்கு முன், எளிய பரிசோதனைகளைப் பொறுமையுடன் முடிப்பதே விவேகம்.