வீடு தேடிச் சென்ற நர்சு

டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். மாத்திரையும் வாங்கியாகிவிட்டது. நோயாளியை அழைத்துக்கொண்டு குடும்பத்தார் ஊர் திரும்புகிறார்கள். அத்துடன் நர்சின் வேலை முடிந்ததா?

முடியவில்லை என்று கணக்கெடுத்துக் காட்டிய ஊர் பெங்களூர்.

ஓசூர் சாலையில் உள்ள 'நிம்ஹான்ஸ்' ஆஸ்பத்திரியைத் தெரியாத பெங்களூர்த் தமிழர் இருக்க முடியாது. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்து மக்களும் மூட்டை முடிச்சுடன் அங்கே வந்து இறங்குகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பைத்தியக்கார விடுதியாகத் தொடங்கிய இடம் அது. 1925-ல் 'மனநோய் ஆஸ்பத்திரி' என்று பெயர் மாறியது. 1937-ல் இப்போதைய வளாகத்துக்கு வந்தது. 1954-ல் அதன் அருகே அகில இந்திய மனநலக் கழகம் ஏற்பட்டது. இரண்டும் ஒன்றாக இணைந்து 1974-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி 'நிம்ஹான்ஸ்' பிறந்தது.

பெயர் மாறியது போலவே நர்சின் வேலையும் மாறியது. பழைய விடுதிகளில் வார்டு ஊழியருக்கு முக்கியமான கருவி சாவிக்கொத்து. கதவைப் பூட்டுவதும் திறப்பதும், முரண்டு பிடிப்பவரை அடக்குவதும்தான் வேலை. 1950-களின் நடுவில் இந்தக் கழகத்தில் நர்சுகளுக்கு மனநோய்க்கென்று தனிப் பயிற்சி தொடங்கியது. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் நர்சுகள் வந்து படித்தார்கள். திரும்பிப் போய், தங்கள் ஊரில் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

கட்டில் இல்லாத வைத்தியம்

1970-களின் பிற்பகுதியில் நிம்ஹான்சில் ஒரு கேள்வி எழுந்தது. மனச்சிதைவு நோய் கண்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் ஆகவேண்டுமா? கேட்டவர்களில் ஒருவர் டாக்டர் ஆர்.எல்.கபூர். சமூக மனநல மருத்துவத்தில் பெயர் பெற்றவர். அதற்கு முன்பே கர்நாடகக் கடற்கரையில் கோட்டா என்ற கிராமத்து மக்களின் மனநலத்தை ஆராய்ந்து, டாக்டர் கார்ஸ்டேர்சுடன் சேர்ந்து 1976-ல் புத்தகம் வெளியிட்டவர். கிராமத்துத் திண்ணைகளில் உட்கார்ந்து பழகிய டாக்டருக்கு இப்படி ஒரு கேள்வி தோன்றியதில் வியப்பில்லை.

கபூரும் ஷைலா பை என்ற ஆராய்ச்சியாளரும் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். பிரிவுக்கு 27 பேர். ஒரு பிரிவினர் வழக்கம்போல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். மற்ற 27 பேரும் வீட்டிலேயே இருந்தார்கள். பயிற்சி பெற்ற நர்சு ஒருவர் அவர்களைத் தேடி வீட்டுக்கே போனார். மருந்து உண்டு, கவனிப்பு உண்டு. கட்டில் மட்டும் இல்லை.

6 மாதம் கழித்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கே நோய் அதிகம் தணிந்திருந்தது. அக்கம்பக்கத்தாருடன் பழகுவதிலும், வேலை வெட்டி பார்ப்பதிலும் அவர்களே முன்னால் நின்றார்கள். குடும்பத்தின் பாரம் வெகுவாக இறங்கியிருந்தது. செலவும் குறைவு. 1982-ல் வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகையில் இந்த முடிவு வெளியாயிற்று. 2 ஆண்டு கழித்து அதே நோயாளிகளை மறுபடி பார்த்தபோதும், நர்சு வீடு தேடிச் சென்ற பிரிவே மேலான நிலையில் இருந்தது. அவர்கள் ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வந்ததும் குறைவு.

27 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் முடிவு பெரியது.

பாரத்தை எடை போட்ட கேள்விகள்

'குடும்பத்தின் பாரம்' என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அதை அளப்பது எப்படி? தராசில் நிறுத்த முடியுமா? அதற்கென்று அவ்விருவரும் ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார்கள். 1981-ல் வெளியான அந்தப் பட்டியலில் மொத்தம் 24 கேள்விகள். பணம், அன்றாட வேலை, ஓய்வு நேரம், வீட்டாருக்குள் உறவு, மற்றவர்களின் உடல்நலம், மற்றவர்களின் மனநலம் என்று ஆறு பிரிவு.

நோயாளியின் சம்பளம் நின்றதா? அவரைப் பார்த்துக்கொள்ள வேறு யாராவது வேலையை விட்டார்களா? கடன் வாங்கினீர்களா? செய்வதாக இருந்த காரியம் ஏதாவது தள்ளிப்போயிற்றா? வீட்டில் சண்டை கூடியதா? அக்கம்பக்கத்தார் வருவதை நிறுத்திவிட்டார்களா?

இப்படிப் போகிறது பட்டியல். வீட்டில் மனநோயாளி ஒருவரை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், யாரோ தம் வீட்டுச் சன்னல் வழியாகப் பார்த்து எழுதியது போல் இருக்கும். அக்காள் வீட்டில் இப்படி என்று தெரிந்தால் தங்கைக்கு வரன் வராது என்று வாயை மூடிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் எத்தனை! அவர்களிடம் ஒருவர் உட்கார்ந்து, "உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்பதே பாதி மருந்து. பெங்களூரில் பிறந்த இந்தப் பட்டியலை ஆராய்ச்சியாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

குளிகையும் குளியலும்

வீட்டுக்குப் போகும் நர்சு அங்கே என்ன செய்கிறார்? மேலோட்டமாகப் பார்த்தால் பேசிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். அந்தப் பேச்சில்தான் வேலை இருக்கிறது.

மனநோய்க்கான பழைய மருந்துகள் பலவற்றில் கை நடுங்கும், உடம்பு விறைக்கும், நடை தளரும். பெற்ற தாய் அதைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? "மாத்திரைதான் பிள்ளையைக் கெடுக்கிறது" என்று நிறுத்திவிடுவாள். இன்னொரு வீட்டில் நோய் தணிந்ததுமே, "குணமாகிவிட்டதே, இனி எதற்கு?" என்று நிறுத்துவார்கள். இரண்டும் மறுபடி ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும் வழி. முன்கூட்டியே எடுத்துச் சொல்லவும், நடுக்கம் கண்டால் டாக்டரிடம் ஓடிச் சொல்லவும் ஓர் ஆள் வேண்டும். வீட்டில் டாக்டர் பக்கத்தில் இல்லை. காத்திருக்கலாமா, உடனே அழைத்துப் போக வேண்டுமா என்ற முடிவு அந்த நேரத்தில் நர்சின் தலையில்தான் விழுகிறது.

அதிலும் பெங்களூரில் ஒரு தனிச் சிக்கல். நோயாளி தமிழர், டாக்டர் கன்னடர், நர்சு கேரளத்துப் பெண் என்பது இங்கே சாதாரணம். மலையாளத்தில் மாத்திரைக்குக் 'குளிக' என்று பெயர். "ராத்திரி ஒரு குளிக" என்று நர்சு சொன்னால், தமிழ்த் தாய் மகனை ராத்திரியில் தலைக்குக் குளிப்பாட்டினாலும் பழி சொல்ல முடியாது! 'வெள்ளம்' அங்கே தண்ணீர். நமக்கோ ஊரை அடித்துப் போவது. சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வேளை மருந்து தவறினால் சிரிப்பு நின்றுவிடும். நாலு பாஷையில் நாற்பது வார்த்தை தெரிந்த நர்சு பெங்களூருக்குப் பெரிய சொத்து.

யாரிடம் கற்பது?

இந்தத் திறமை புத்தகத்தில் வருமா? பாட்ரீசியா பென்னர் என்ற அமெரிக்க நர்சு 1984-ல் இதைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். புதிதாக வந்தவர் தொடங்கி கைதேர்ந்தவர் வரை ஐந்து படிகளை அதில் வகுத்தார். விதியைப் பார்த்து வேலை செய்பவர் முதல் படியில் நிற்கிறார். நோயாளியின் முகத்தைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று உணர்பவர் கடைசிப் படிக்கு வந்துவிட்டார். இடையில் இருப்பது அனுபவம். அந்த அனுபவத்தைக் குழப்பமில்லாமல் பெறப் பக்கத்தில் ஒரு மூத்தவர் வேண்டும்.

வார்டு சிஸ்டர் எரிந்து விழுபவராக இருந்தால் இளம் நர்சு சந்தேகம் கேட்க மாட்டாள். கேட்காத சந்தேகம் நோயாளியின் தலையில் விடியும். "தெரியவில்லை, சிஸ்டர்" என்று ஒரு மாணவி பயமில்லாமல் சொல்லக்கூடிய வார்டில்தான் நோயாளி பத்திரமாக இருக்கிறார்.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-லேயே பொறுப்பு என்பதற்கு ஓர் அளவுகோல் சொன்னார். தான் இருக்கும்போது நடக்கும் காரியம், தான் இல்லாதபோதும் நடக்கும்படி செய்ய வேண்டும் என்பது அவர் கருத்து. மறு வருஷம் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் அவர் பெயரால் நர்சுப் பள்ளி தொடங்கியது. பெங்களூரில் வீடு வீடாகப் போன நர்சுக்கும் அதே அளவுகோல்தான். அவர் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடுவார். மீதி நாளெல்லாம் நர்சு வேலை பார்ப்பது அந்த வீட்டுத் தாயோ, மனைவியோ, தம்பியோதான்.

1985-ல் நிம்ஹான்ஸ் குழு இன்னொரு கட்டுரை வெளியிட்டது. நெடுநாள் நோயாளிகள் மறுபடி மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்வதை வீட்டுக் கவனிப்பால் தடுக்க முடியுமா என்பது அதன் பொருள். அதன் பிறகு 40 ஆண்டு ஓடிவிட்டது. 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம், குடும்பத்துக்கு ஆதரவாக இருப்பதையும் வீட்டிலேயே மறுவாழ்வு தருவதையும் அரசு ஏற்படுத்த வேண்டிய சேவைகளில் சேர்த்திருக்கிறது. சட்டத்தில் இருப்பது வாசற்படிக்கு வர இன்னும் எத்தனை காலமோ! பெரும்பாலான குடும்பங்களுக்கு இன்றும் நர்சு வீட்டுக்கு வருவதில்லை. ஊர் திரும்பும் நாளில் வார்டில் கிடைக்கும் சில நிமிடங்கள்தான் அவர்களுக்கு உண்டு.

அந்த நிமிடங்களை நன்றாகப் பயன்படுத்தும் நர்சுகள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். "புரிந்ததா?" என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "அம்மா, காலையில் எத்தனை, ராத்திரி எத்தனை? கை நடுங்கினால் என்ன செய்வீங்க? நீங்களே சொல்லுங்க" என்பார்கள். தாய் விரல் விட்டு எண்ணிச் சொல்கிறாள். தப்பினால் மறுபடி முதலிலிருந்து. பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கும் மாணவி நர்சு அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.