காசு கழுவச் சொல்லும் கலைவாணி

டோக்கியோ போகிற நம்மவர்கள் பெரும்பாலும் அஸாகுஸாவிலுள்ள பெரிய புத்தர் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு சிபாரிசு. நிங்யோச்சோ ரயில் நிலையத்தில் இறங்கி ஐந்து நிமிஷம் நடந்தால், ஆபீஸ் கட்டடங்களுக்கு நடுவே சின்னஞ்சிறு மரக்கோயில் ஒன்று தென்படும். கோஅமி ஆலயம் என்று பெயர். ஜப்பானியரின் பூர்வீக மதமான ஷின்டோவைச் சேர்ந்தது. இது நிஹோன்பாஷி என்ற வியாபார வட்டாரம். நகரின் பங்குச் சந்தை ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது.

தோரண வாயிலில் தலைவணங்கி, தண்ணீரில் கைகளையும் வாயையும் சுத்தம் செய்துகொண்டு உள்ளே போக வேண்டும். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. நமக்குத்தான் மனசு கேட்காது! உண்டியலில் காசு போட்டு, இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடியும் ஒரு முறை குனிந்தால் வழிபாடு முடிந்தது. மூலவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. நெல்லுக்கு அதிபதியான இனாரி இங்கே குடிகொண்டிருப்பதாக நம்பிக்கை.

1466-ல், கொள்ளை நோய் பரவிய காலத்தில் தோன்றிய கோயில் என்பது ஐதீகம். இப்போதுள்ள கட்டடம் 1929-ல் எழுந்தது. முகப்பில் மேலேறும் டிராகன் ஒன்றும் கீழிறங்கும் டிராகன் ஒன்றும் செதுக்கியிருக்கிறார்கள். 1945 மார்ச் 9-10 இரவு அமெரிக்க விமானங்கள் பொழிந்த தீக்குண்டுகளில் கிழக்கு டோக்கியோ எரிந்தது. அந்த ஒரே இரவில் சுமார் ஒரு லட்சம் பேர் மாண்டார்கள். போரில் நகரமே கருகியும் இந்த மரக்கோயில் தப்பிவிட்டது. இங்கு ரட்சை வாங்கிக்கொண்டு போர்முனைக்குப் போனவர்கள் அத்தனை பேரும் உயிரோடு திரும்பினார்கள் என்றும் சொல்கிறார்கள். நம்புகிறவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், எரிந்துபோன வீடுகளிலும் ஏதோ ஒரு கோயிலின் ரட்சை தொங்கியிருக்குமே என்ற எண்ணம் வராமல் இல்லை.

இங்கே கூட்டம் சேருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பக்கத்தில் சிறிய நீர்த்தொட்டி இருக்கிறது. மூங்கில் தட்டில் காசைப் போட்டுக் கழுவி, துடைத்து, பர்ஸில் வைத்துக்கொண்டால் செல்வம் பெருகுமாம். அருள் பாலிப்பவள் பென்சாய்த்தென் என்ற தேவி. கையில் வீணை போன்ற வாத்தியம் ஏந்துபவள். யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் நம் சரஸ்வதியேதான்!

பௌத்த சூத்திரங்களோடு சீனா வழியாக ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஜப்பான் போய்ச் சேர்ந்தவள் அவள். பெயரின் நடுவிலுள்ள 'சாய்' முதலில் 'திறமை' என்ற எழுத்தால் எழுதப்பட்டது. பின்னால் அதே ஓசையுள்ள 'செல்வம்' என்ற எழுத்தைப் போட்டு எழுதத் தொடங்கினார்கள். ஓர் எழுத்தில் இலாகா மாறிவிட்டது! கடைத்தெரு ஜனங்களுக்கு எது தேவையோ, அதைத்தானே கேட்பார்கள்.

அவள் பட்ட கஷ்டமும் கொஞ்சமில்லை. 1868-ல் ஷின்டோவையும் பௌத்தத்தையும் பிரித்துவிட வேண்டும் என்று புதிய அரசு உத்தரவு போட்டது. நாடெங்கும் எத்தனையோ பௌத்தச் சிலைகள் உடைபட்டன. இக்கோயிலோடு சேர்ந்திருந்த பௌத்த ஆலயம் மறைந்தது. அங்கிருந்த தேவியை வெளியே தள்ளாமல், 1869-ல் ஷின்டோ கோயிலுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துக்கொண்டார்கள். அந்நிய தேசத்துத் தெய்வம் என்று யாரும் கதவை அடைக்கவில்லை. அதனால்தான் இன்றும் அவள் முன் வரிசை நிற்கிறது. படகில் ஏறி வரும் கோலத்தில் இருப்பதால் 'படகேறிய பென்தென்' என்று பெயர். கடல் கடந்து வந்தவளுக்குப் பொருத்தமான வாகனம்தான்.

நானும் வரிசையில் நின்று ஓர் ஐந்து யென் காசைக் கழுவினேன். நடுவில் ஓட்டையுள்ள பித்தளைக் காசு. 'கோ-என்' என்ற அதன் பெயருக்கு 'உறவு' என்றும் பொருள் வருமாம். காசோடு நிற்க மனம் வரவில்லை. சட்டைப்பையிலிருந்த பேனாவையும் எடுத்துத் தண்ணீரில் நனைத்துக்கொண்டேன். பின்னால் நின்ற ஆபீஸ்காரர் ஒரு கணம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மூங்கில் தட்டை வாங்கிக்கொண்டார்.